மூன்று முறை அழைத்தும்

அண்ணாச்சி, அந்த மிக்ஸி ஜாரக் கொஞ்சம் மடியில வச்சுக்கிட்டீகன்னா நானும் ஒரு ஓரமா ஒட்டிக்கிடுவேன். ஆங், போதும் போதும். ஜன்னல் உங்களுக்கு, கம்பி எனக்கு. திருநவேலிக்குத்தானே? நானும் அங்கதான். சங்கரன்கோவில்ல இருந்து ஒண்ணரை மணி நேரம் ஆவும். பேச்சுத் துணைக்கு ஆளு கெடச்சா ரோட்டுல உள்ள பள்ளம் தெரியாது.

அன்னா முன்னால பாருங்க. லேடீஸ் சீட்டுல, டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை. மஞ்சச் சுடிதாரு, ரெட்டச் சடை. தெரியுதா? அது எம் மக. பேரு கோமதி. ஆறாங் கிளாஸ் படிக்கா. இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் எதுக்குப் போறோம்னு கேளுங்க. கேக்கலையா? பரவால்ல, நானே சொல்லுதேன். பரிசு வாங்கப் போறோம். 'பிள்ளையோடு இணைந்த பெற்றோர்'னு பரிசு. சால்வை, சர்டிபிகேட்டு, ஒரு கேடயம். பதினோரு மணிக்கு ஜங்ஷன் பக்கத்துல கல்யாண மண்டபத்துல விழா. முந்நூறு பேரு வாராகளாம். மேடையில நான் அஞ்சு நிமிஷம் பேசணும். எம் மக பக்கத்துல நின்னு ஒரே ஒரு வரி சொல்லணும், 'எங்கப்பா நான் சொல்றதக் கேப்பாரு'ன்னு. அவ்வளவுதான் அவளுக்கு வேல.

ஒரு சின்ன விஷயம் மட்டும் இருக்கு. அவ எங்கூடப் பேசி எழுபது நாளு ஆச்சு.

சிரிக்காதீக அண்ணாச்சி. கோவம்லாம் ஒண்ணும் இல்ல அவளுக்கு. பேச்சச் சேத்து வைக்கான்னு நெனைக்கேன். மேடையில மொத்தமா அவுத்து விடுவா. ஆனா உள்ளத உங்ககிட்ட சொல்லுதேன், நீங்க நம்மூருக்காரரு இல்ல, நாளைக்கு என்னப் பாத்து சிரிக்கப் போறதில்ல. முந்தி அவ வாயி ஓயாது. பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா செருப்பக் கழட்டும்போதே தொடங்கிருவா, ராத்திரி பாயில படுத்த பொறவும் பேச்சுதான். 'கொஞ்ச நேரம் சும்மா இரேன்ட்டி'ன்னு நான் எத்தனையோ தடவ சத்தம் போட்டிருக்கேன். இப்ப சும்மாதான் இருக்கா. எனக்குத்தான் சோறு எறங்க மாட்டேங்கு.

என் வேலையா? கோர்ட்டுல டவாலி. நெஞ்சுக்குக் குறுக்க செவப்புப் பட்டை, அதுல பித்தள வில்லை, பாத்திருப்பீக. ஜட்ஜு அய்யா நடந்து வந்தா முன்னால நடப்பேன். மத்த நேரம் வராந்தாவுல நின்னு கேசுல உள்ள கட்சிக்காரங்க பேரக் கூப்பிடணும். ஒருத்தருக்கு மூணு தடவ. மைக்கு கெடையாது, ஒண்ணும் கெடையாது, வெறுந் தொண்டைதான். இருபத்திரெண்டு வருஷ சர்வீசு. நான் கூப்பிட்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில வடை திங்கிறவன் வடையோட ஓடி வருவான்.

கூப்பிடுததுலயும் ஒரு முறை இருக்கு பாத்துக்கிடுங்க. மொதத் தடவ சாதாரணமாக் கூப்பிடணும். ரெண்டாவது கொஞ்சம் அழுத்தி. மூணாவது இருக்கே, அத நல்லா நீட்டணும். ஏன்னா ஆளு வந்துக்கிட்டே இருக்கலாம். படியேறிக்கிட்டு இருக்கலாம், வயசானவரா இருக்கலாம், பஸ்ச விட்டு எறங்கி ஓடி வந்துக்கிட்டு இருக்கலாம். ஓடி வந்து சேரட்டும்னுதான் மூணாவத நீட்டுதது. புதுசா வந்த பயலுவ மூணையும் ஒரே மாதிரி கத்திட்டு உள்ள போயிருதானுவ. இரக்கம் கெட்ட பயலுவ. மூணுக்கும் ஆளு வரலைன்னா முடிஞ்சது. எக்ஸ்பார்ட்டி. நீ வரல, உன் பக்கத்துக் கதைய ஒருத்தரும் கேக்க மாட்டாக, வந்தவன் சொன்னதுதான் தீர்ப்பு.

என் பேரா? சங்கிலிபூதத்தான். குலசாமி பேரு. ஆனா இருபத்திரெண்டு வருஷமா ஊருப் பேரெல்லாம் நான் கூப்பிடுதேன், என் பேர ஒரு மனுசன் கூப்பிட்டதில்ல. கோர்ட்டுல 'டவாலி'. வீட்டுல 'ஏங்க'. பிள்ளைக்கு 'அப்பா'. ரேசன் கார்டுலயும் சம்பளச் சீட்டுலயும் மட்டும்தான் சங்கிலிபூதத்தான் இருக்கான்.

இந்தப் பரிசு குடுக்க பெத்தவங்க வகுப்புக்கு எப்படிப் போனேன்னு கேக்கீகளா? ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம் போட்டாக. டீச்சரு என்னத் தனியாக் கூப்பிட்டு ஒரு காயிதத்தக் காட்டுனாக. 'என் வீடு'ன்னு கட்டுர எழுதச் சொல்லியிருக்காக. இவ எழுதியிருக்கா, 'எங்க வீட்டில் நான் எது சொன்னாலும் அப்பா வாய்தா போடுவார்'னு. அண்ணாச்சி, எனக்கு ஒரே பெருமை. ஆறாங் கிளாஸ்ல வாய்தான்னு எழுத்துப் பிழை இல்லாம எழுதுத பிள்ள எத்தன இருக்கும்? லீவு நாள்ல எங்கூட கோர்ட்டு வராந்தாவுல உக்காந்து உக்காந்து எல்லாம் படிச்சுக்கிட்டா. நான் சிரிச்சேன். டீச்சரு சிரிக்கல. 'நீங்க அவசியம் இந்த வகுப்புக்குப் போங்க'ன்னு ஒரு நோட்டீசக் கையில குடுத்துட்டாக.

திருநவேலியில பத்து ஞாயித்துக்கிழம. காலையில ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். பிள்ளையளோட நேரஞ் செலவழிக்கது எப்படின்னு சொல்லிக் குடுக்காக. நான் ஒரு வகுப்பு விடல. பத்துக்குப் பத்து ஆஜர். மத்தவன்லாம் 'பிள்ளைய எக்சிபிஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்', 'பிள்ளைக்குப் பிறந்தநாளு'ன்னு ஏதாவது சாக்குச் சொல்லி ஓடிட்டான். எம் மகளுக்கும் அதுல ஒரு ஞாயித்துக்கிழம பிறந்தநாளு வந்துச்சு. நான் போவலையே. அதாவது, வகுப்புக்குப் போனேன். அதுக்குத்தான் இந்தப் பரிசே.

அவளுக்கு அந்த ஞாயித்துக்கிழமையளப் பத்தி ஒரே ஒரு புகாரு உண்டு. பொங்கலுக்கு அவ மாமன் ஒரு சைக்கிளு வாங்கிக் குடுத்தான். ஓட்டிப் பழக்கிக் குடுங்கன்னு நின்னா. பின்னால சீட்டப் பிடிச்சுக்கிட்டு ஓடி வரணுமாம். நான் சொன்னேன், 'ஏட்டி, அப்பா உங்கூட நல்லா நேரஞ் செலவழிக்கதுக்குத்தான் படிக்கப் போறேன். படிச்சு முடிச்சிட்டு வாரேன், பொறவு பாரு'ன்னு. பத்து வாய்தா. சைக்கிளு சுவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு, கோழி அதுல ஏறி உக்காந்துச்சு.

வகுப்பு நல்ல வகுப்பு அண்ணாச்சி, சும்மா சொல்லக்கூடாது. மேடம் தங்கமானவுக. மொத நாளு ஆளுக்கு ஒரே ஒரு காஞ்ச திராட்சையக் குடுத்து, பத்து நிமிஷம் மெல்லச் சொன்னாக. இந்த நிமிஷத்துல முழுசா இருக்கணுமாம். மறுநாளே நான் அவளுக்கும் செஞ்சு பாத்தேன். காலையில இட்லிக்கு முன்னால உக்கார வச்சு, 'ஒரு துண்டு வாயில போடு, மெல்லு, உளுந்து எங்கன இருக்கு, அரிசி எங்கன இருக்குன்னு கவனி'ன்னேன். இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு ஒரு இட்லிக்கு. ஸ்கூல் வேன் ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போயிருச்சு. அதையும் கவனின்னேன்.

ரெண்டாவது வகுப்புல என்ன சொன்னாகன்னா, பிள்ளையோட பேசும்போது மேல நின்னு பேசக்கூடாது, அதுக கண்ணு மட்டத்துக்கு எறங்கிப் பேசணும். எறங்கிட்டேன். அன்னைலருந்து முட்டி போட்டுத்தான் பேச்சு. வீட்டுல, தெருவுல, கடையில. ரெண்டு பேண்டு முட்டியில கிழிஞ்சு போச்சு. எம் பொண்டாட்டி வேலம்மா சொன்னா, 'அவ ஒம்ம தோளுக்கு வளந்துட்டா, நீரு முட்டி போட்டா அவ கழுத்துக்குக் கீழ போயிருதீரு'ன்னு. கெடக்கட்டும், மட்டம் முன்னப் பின்ன இருந்தா என்ன? ஒரு நாளு கோர்ட்டுலயும் பழக்க தோஷத்துல, குள்ளமான ஒரு கட்சிக்காரரு முன்னால முட்டி போட்டுட்டேன், 'உங்க கேசு நம்பரு என்ன அய்யா'ன்னு. அவரு என்ன நெனச்சாரோ, எந் தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டாரு. வக்கீலுமாரு பூராம் பாத்துட்டாக.

இருங்க, இருங்க. அவ எந்திரிச்சு வாரா! பாத்தீகளா அண்ணாச்சி, நம்ம பக்கம்தான் வாரா! எழுபது நாளுக்குப் பொறவு அவளா வாரா! கொஞ்சம் கால மடக்கிக்கிடுங்க, நான் முட்டி போடணும். எம்மா கோமதி, சொல்லும்மா. அப்பா முழுசா இந்த நிமிஷத்துல இருக்கேன். என்னது? அப்பாவா? அப்பான்னு சொல்லுதியா? அப்பா! அப்பா! அப்பா! சரிதானா? மேல சொல்லு. மானூருலயா? மானூருல! மானூருல! மானூரு... ஏட்டி, எங்க போற? நில்லுட்டி.

கண்டக்டர் சார், நடுவுல முட்டி போட்டா என்ன இப்ப? டிக்கெட் எடுத்துருக்கேன்லா. சரி சரி, எந்திரிக்கேன்.

பாத்தீகளா அண்ணாச்சி? பேசிட்டா! 'அப்பா, மானூருல'ன்னு ரெண்டு வார்த்த. எழுபது நாளுக்குப் பொறவு ரெண்டு வார்த்த! மானூருல அவ சித்தி இருக்கா, வேலம்மா தங்கச்சி. அந்த ஊரு வருதுன்னு சொல்ல வந்திருப்பா. வேற என்ன இருக்கப் போவுது. எல்லாரும் திரும்பிப் பாத்தாகன்னு வெக்கப்பட்டு ஓடிட்டா. பாக்கட்டுமே. தகப்பனும் மகளும் பேசுததப் பாக்க என்ன வெக்கம்?

ஆமா, திருப்பிச் சொல்லுதேன்லா, அது மூணாவது வகுப்பு. பிள்ள என்ன சொல்லுதோ அதத் திருப்பிச் சொல்லணும். அப்பத்தான் நம்ம சொன்னது இவருக்குப் போய்ச் சேந்துருச்சுன்னு அதுக்குத் தெரியும். கேட்டதும் எனக்கு உடம்பு சிலுத்துருச்சு அண்ணாச்சி. மத்தவனுக்கு அது புதுசு. நமக்கு அதுதானே தொழிலு! சொன்னதச் சொன்னபடி, ஒரு எழுத்து மாறாம, மூணு தடவ. இதுல என்ன அடிச்சுக்கிட எவன் இருக்கான்?

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவ வாசப்படியில ஒரு மாதிரியா உக்காந்திருந்தா. முட்டி போட்டேன். என்னம்மான்னேன். எங்காதுல வந்து பையச் சொன்னா, 'கிளாசுல ஒருத்தியும் எங்கூடச் சேந்து சாப்பிட மாட்டேங்காப்பா. நான் மட்டும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால தனியா உக்காந்து சாப்பிடுதேன்'னு.

எம் பிள்ள தனியா உக்காந்து சாப்பிடுதாளே! அழுகையா வந்துச்சு. ஆனா வகுப்பு ஞாபகம் வந்துச்சு. மூச்ச இழுத்து, நெஞ்ச நிமித்தி, சொன்னேன். 'கிளாசுல ஒருத்தியும் எங்கூடச் சேந்து சாப்பிட மாட்டேங்கா! தண்ணித் தொட்டிக்குப் பின்னால தனியா உக்காந்து சாப்பிடுதேன்!' மூணு தடவ. மூணாவத நீட்டி.

எங்க தெரு சின்னத் தெரு அண்ணாச்சி. எதுத்த வீட்டுல வெளக்குப் போட்டாக. மாடியில துணி எடுத்தவ துணியோட நின்னா. ரெண்டு தெரு தள்ளி இருந்து ஒரு அம்மா, இவ கிளாஸ்காரி ஒருத்தியோட தாயி, 'எம் பிள்ளையவா சொல்லுதீரு'ன்னு சண்டைக்கே வந்துட்டா. நான் கோமதியத் திரும்பிப் பாத்தேன். அழுவல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு எந்திரிச்சு உள்ள போயிட்டா. அன்னைக்குப் போன பேச்சுதான்.

நீங்க சொல்லுங்க, நான் ஒரு எழுத்து மாத்திச் சொன்னேனா? மெதுவாச் சொல்லணும்னு மேடம் சொன்னாகளான்னு நோட்ட எடுத்துப் பாத்தேன். அந்த எடத்துல ஒண்ணுமே எழுதல. 'பிள்ள பேசும்போது நீங்க'ன்னு எழுதிருக்கேன், அதோட பேனா தீந்துருச்சு. அதுக்கு மேல என்னவோ சொன்னாக. பக்கத்துல ஒருத்தரும் பேனா தரல. ஒரு வரிதானே, போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்.

ஆனா அண்ணாச்சி, தொடர்பு அறுந்துருச்சுன்னு மட்டும் நெனச்சுராதீக. பேசத்தான் இல்ல. எழுத ஆரம்பிச்சிட்டா. மனு! கோர்ட்டு மனு மாதிரியே, மேல 'மனுதாரர்: கோமதி, எதிர்மனுதாரர்: சங்கிலிபூதத்தான்'னு போட்டு, என் டவாலிப் பட்டை தொங்குத ஆணியில குத்தி வச்சிருவா. காலையில வேலைக்குக் கெளம்பும்போது பாப்பேன். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல. எந்த வீட்டுல இப்படி நடக்கும்? நம்பரு போட்டு, தேதி போட்டு, தனி ஃபைலு வச்சுட்டேன்.

மனு நம்பர் ஒண்ணு, ஞாயித்துக்கிழம சைக்கிளு பழகணும், சீட்டப் பிடிக்க ஆளு வேணும். வாய்தா. ரெண்டு, மேற்படி. வாய்தா. மூணாவது மனுவுல தேதி இல்ல. முறை முறைதானே, குறை எழுதித் திருப்பிட்டேன். மறுநாளு தேதியோட வந்துச்சு. நாலுல கையெழுத்து இல்ல, திருப்பிட்டேன். ஏழாவது மனு, 'அப்பா என்னோட உக்காந்து சாப்பிடணும், ஒண்ணும் பேசாம'ன்னு. அத உடனே அனுமதிச்சேன். உக்காந்தேன். சாப்பிட்டுக்கிட்டே பேசாம சாப்பிடுததோட அருமையப் பத்தி வகுப்புல சொன்னத பூராம் வாசிச்சுக் காட்டுனேன். அவ பாதியில கையக் கழுவிட்டா.

பத்தாவது மனுவுல இருந்து எழுத்து சின்னதாயிட்டே வருது. பதிமூணு வெறும் ரெண்டு வரி. பதினாலு ஒரே வரி. 'அப்பா, சைக்கிளு.' அவ்வளவுதான். முறைப்படி இல்லாத மனு. ஆனாலும் பெத்த மனசு கேக்கல, ஏத்துக்கிட்டேன். வாய்தா போட்டேன்.

இன்னைக்குக் காலையில பதினஞ்சாவது வந்துச்சு. ஆணியில குத்தல, எங் கையிலயே குடுத்தா. அன்னா, சட்டப் பையில இருக்கு, தெரியுதா வெள்ளையா. பஸ்சுக்கு நேரமாச்சு, மேடையில பேசுதத வேற மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு இருந்தேன், பிரிக்கல. சாயங்காலம் வந்து நிதானமா, முழு கவனத்தோட படிக்கணும்னு வச்சிருக்கேன். அரையுங் கொறையுமா படிக்கக் கூடாதுல்லா. அதுதான் வகுப்போட சாரமே.

பேச்சுக் கேக்கீகளா, மேடையில பேசப் போறது? தேவர்குளம் தாண்டிருச்சு, நேரம் இருக்கு. கேளுங்க. 'மாண்புமிகு பெரியோர்களே, பிள்ளை என்பது என்ன? பிள்ளை என்பது ஒரு குரல். அந்தக் குரல் நம்மைக் கூப்பிடுகிறது. நாம் ஆஜராக வேண்டும்.' எப்படி? வேலம்மாட்ட சொல்லிக் காட்டுனேன், அவ முந்தானைய எடுத்து மூஞ்சத் தொடச்சுக்கிட்டா. உருகிட்டா போல. கெளம்பும்போது, 'எங்கனயாவது அவ கூப்பிட்டா, எறங்கிப் போயிரும்'னு சொன்னா. என்ன சொல்லுதான்னே வெளங்கல. பொம்பளையளுக்குப் பயணம்னா ஒரு பதட்டம்.

இது எந்த ஊரு? மானூரா. கூட்டம் எறங்குது. நல்ல வெயிலு. அதக் கேளுங்க, பேச்சோட ரெண்டாம் பாகத்துல...

ச்சீ, எவனோ கூப்பிடுதான் பாருங்க. 'சங்கிலிபூதத்தான்'னு. முன் வாசல் பக்கம். இந்த ரோட்டுல பஸ்சுக்கு நாலு சங்கிலிபூதத்தான் இருப்பான் அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரே குலசாமி. ஆனா கொரலப் பாத்தீகளா? சின்னக் கொரலு, ஆனா எடுப்பு சுத்தம். அடி வயித்துல இருந்து வருது. யாரோ தொழிலு தெரிஞ்ச ஆளுட்ட படிச்சிருக்கணும்.

இன்னா, ரெண்டாவது. ஆகா! அழுத்தம் வந்துருச்சு கேட்டீகளா? மொதத் தடவைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதா? இதத்தான் நான் புதுப் பயலுவளுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன். அண்ணாச்சி, எதுக்கு இடிக்கீக? முழங்கைய எடுங்க. இருங்க, மூணாவது வரும், அதுலதான் ஆளோட தரமே தெரியும். பேசாதீக, பேசாதீக. கேளுங்க.

கேட்டீகளா? என்னா நீட்டு! 'சங்கிலிபூதத்தா...ன்'னு. மூச்சு முட்டுத வரைக்கும் இழுத்துச்சு அண்ணாச்சி. எங் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்படி ஒரு இரக்கம் அந்தக் கொரலுல. எந்தப் பயலுக்கோ குடுத்து வச்சிருக்கு. அவனும் எறங்கக் காணும். கண்டக்டரு விசிலடிச்சுட்டாரு. போச்சு, எக்ஸ்பார்ட்டி.

என்னது? என்ன சொல்லுதீக? எம் பேரா? ஆமா, எம் பேரும் அதுதான், சொன்னேனே. யாரு? மஞ்சச் சுடிதாரா?

எங்க? ஜன்னலக் கொஞ்சம் விடுங்க. அந்த ஜார நகட்டுங்க. எங்க நிக்கா?

சித்தி நிக்கா. கையில சைக்கிளு. அவ சித்தி நிக்கா, அவ நிக்கா. ஏய் கோமதி! கோமதி! கண்டக்டர் சார், நிறுத்துங்க, எம் மக எறங்கிட்டா! என்னது? அவ தெரிஞ்சுதான் எறங்குனாளா? உங்ககிட்ட சொல்லிட்டு எறங்குனாளா? எங்கிட்ட சொல்லலையே! சரி, நிறுத்துங்களேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிடணுமா? எவ்வளவு தூரம்? நடந்தே திரும்பிருவேன், எவ்வளவு தூரம்னு சொல்லுங்களேன்.

மனு. ஆமா, மனு இருக்குல்லா. பையில. இந்தாங்க, நீங்க பிரிங்க அண்ணாச்சி. கண்ணாடி கொண்டு வரல, நீங்களே வாசிங்க. பையத்தான் வாசிங்க, எல்லாரும் கேக்காக.

'மனு எண் பதினஞ்சு. மனுதாரர் கோமதி. எதிர்மனுதாரர் சங்கிலிபூதத்தான்.' சரி, சரி, மேல போங்க. 'ஐயா, நான் மேடைக்கு வரமாட்டேன். நீங்க கேப்பீங்கன்னு பொய் சொல்ல எனக்கு வராது. நான் மானூர்ல இறங்கி, சித்தி வீட்டு சைக்கிள்ல சித்தியோட ஓட்டிப் பழகப் போறேன். அம்மாவுக்குத் தெரியும். இறங்கி நின்னு உங்க பேரை மூணு தடவ கூப்பிடுவேன். நீங்களும் இறங்கி வந்தா, சித்தி வேண்டாம், நீங்களே சீட்டைப் பிடிங்க. மேடைக்கு நேரமாகிரும்னா பரவால்ல, கொஞ்ச நேரம் பிடிச்சாப் போதும். வரலைன்னா எக்ஸ்பார்ட்டி.' கீழ தேதி இருக்கா? இருக்கா. கையெழுத்து? அதுவும் இருக்கா. ஒரு குறையும் இல்ல. திருப்ப முடியாது.

கொஞ்ச நேரம் பிடிச்சாப் போதும்னு எழுதிருக்காளே அண்ணாச்சி.

பேனா இருக்கா உங்ககிட்ட? குடுங்க. இல்ல, அழுவல, வெயிலு கண்ணுல அடிக்கு. இதுக்கு வழி இருக்கு. எக்ஸ்பார்ட்டி ஆயிட்டா முப்பது நாளைக்குள்ள எதிராளி மனு போடலாம். தீர்ப்ப ரத்து பண்ணுங்க, மறுபடியும் கேளுங்கன்னு கெஞ்சலாம். எத்தன பேருக்கு நடந்து நான் பாத்திருக்கேன். இந்தக் காயிதத்துப் பின்னாலயே எழுதிருதேன். இப்ப நான் மனுதாரர். அவ எதிர்மனுதாரர். எழுதிட்டேன். ஆனா ஒண்ணு, ஏன் வரலைன்னு காரணம் காட்டணும். சரியான காரணமா இருக்கணும், சும்மா சொன்னா ஏத்துக்கிட மாட்டாக.

என்ன எழுத? சம்மன் வரலன்னு எழுத முடியாது, காலையிலயே கையில குடுத்துட்டா. ஒடம்பு சரியில்லன்னு எழுத முடியாது, நீங்க சாட்சி இருக்கீக. ஊருல இல்லன்னு எழுத முடியாது, பஸ்சு அவ மூஞ்சிக்கு நேராத்தான் நின்னுச்சு. கூப்பிட்டது காதுல விழலன்னு எழுதட்டா? அதத்தான் எல்லாரும் எழுதுவாக.

விழுந்துச்சே அண்ணாச்சி. மூணும் விழுந்துச்சு. மூணாவத அவ எவ்வளவு நேரம் நீட்டுனா, நீங்களும் கேட்டீகள்லா?